மரபணு வெளிப்பாட்டுத் தரவு முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்து வழி

மாதிரி எடுக்கப் போன அன்று, மட்டக்களப்பு வாவியோரக் குருமண்வெளித் துறையில் பாதை அக்கரையில் நின்றது. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: பாதை என்று நாங்கள் சொல்வது தெருவை அல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் இறக்கிவிடும் மிதவைக்குத்தான் இங்கே அந்தப் பெயர். அது திரும்பி வருமட்டும் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கரையில் குந்தியிருந்தேன். அந்தக் காத்திருப்பு ஆயிரக்கணக்கான மரபணுக்களில் பதிந்து வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

வேலை இதுதான். சிறுபோக நெல். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் களப்போரமாக உவர் ஏறிய வயல் ஒன்று, மேற்கே படுவான்கரையில் நல்ல தண்ணீர் பாயும் வயல் ஒன்று. இரண்டிலும் உவரைத் தாங்கும் ஏ.ரி. 354, அவ்வளவு தாங்காத பி.ஜி. 352. வயலுக்கும் இனத்துக்கும் ஆறாறாக 24 இலை மாதிரி. ஆர்.என்.ஏ. எடுத்து, வெளிநாட்டுக்கு அனுப்பி, வாசித்து வந்த எண்ணிக்கைகள் (ஒரு மரபணுவின் ஆர்.என்.ஏ. எத்தனை தடவை வாசிக்கப்பட்டதோ, அதுவே அந்த மரபணு எவ்வளவு வேலை செய்தது என்பதன் அளவு): வரிசையில் ஏறத்தாழ 20,000 மரபணு, நிரலில் 24 மாதிரி. இந்தத் தாயத்துக்குள் (வரிசையும் நிரலுமான எண் அட்டவணைக்குள்) உப்பு என்ன செய்தது, எந்த மரபணு எதை இழுத்துக்கொண்டு போகிறது என்பதுதான் கேள்வி. பிறகு இரண்டு மூன்று பேருடைய தரவிலும் இதே கோளாறுகளைப் பார்த்துவிட்டேன். ஆகவே அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். உங்களுடையது ஈரல் இழையமோ இறால் பூவோ, எதுவாயினும் பெரும்பாலும் பொருந்தும்.

முதன்மைக் கூறு பெரிதாக வருகிறது, ஆனால் அது பரிகரிப்பு அல்ல

மாதிரிகள் எந்தத் திசைகளில் அதிகம் வேறுபடுகின்றன என்று காட்டும் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு (பி.சி.ஏ.) போட்டதும் முதலாவது கூறே மாறற்றிறனில் (தரவின் மொத்த வேறுபாட்டில்) பாதியை விழுங்கிவிடுகிறது. புள்ளிகள் இரண்டு கும்பலாகவும் பிரிகின்றன. ஆனால் அந்தக் கும்பல் உவர், நல்ல தண்ணீர் என்று இல்லை. அல்லது, இதைவிட மோசமாக, அப்படி இருக்கிறது என்று நீங்கள் நம்பிவிடுகிறீர்கள்.

முதலில் மடக்கை எடுத்தீர்களா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், பாதிப் பேர் வெறும் எண்ணிக்கையையே போடுகிறார்கள். இலையில் ஒளித்தொகுப்பு மரபணுக்கள் சில வாசிப்புகளில் பெரும்பங்கைத் தின்னும். மாற்றாமல் போட்டால் பி.சி.ஏ. அந்த நாலைந்து பெயரைத்தான் பார்க்கும், மிச்சம் அதன் கண்ணில் படாது. மாறற்றிறனைச் சமப்படுத்தும் மாற்றம் டி.இ.செக்2 என்ற மென்பொருள் பொதியிலேயே இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுத் திரும்ப வரையுங்கள்.

அடுத்து, முதற்கூற்றின் பெறுமானத்தை ஒவ்வொன்றுக்கும் எதிராக வரையுங்கள்: மாதிரியின் மொத்த வாசிப்பு, ஆர்.என்.ஏ. தரச்சுட்டி, பிரித்தெடுத்த திகதி, பிரித்தெடுத்தவர், இலை பறித்த நேரம். மொத்த வாசிப்போடு ஒட்டி நடந்தால் இயல்பாக்கத்தில் (மாதிரிகளின் மொத்த வாசிப்பைச் சமப்படுத்துவதில்) பிழை. தரச்சுட்டியோடு நடந்தால் ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கிறது. ஒரே ஒரு மாதிரி தூரப்போய் நின்றால் அதை விட்டுவிட்டு மறுபடி போட்டு, மற்றவை எப்படி நிற்கின்றன என்று பார்த்த பிறகு அந்தக் குழாயின் கதையைத் தேடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் மரபணுக்களிடமே கேட்க வேண்டும். முதற்கூற்றில் அதிக எடை பெற்ற ஐம்பது மரபணுக்களை, நேர்ப்பக்கம் வேறாக மறைப்பக்கம் (எதிர்க்குறி) வேறாக, எழுதிக்கொண்டு பெயர்களை வாசியுங்கள். எனக்கு ஒரு பக்கம் எல்.எச்.வை. வந்தது, எதிர்ப்பக்கம் பி.ஆர்.ஆர்.1. முன்னையது விடியலில் உச்சம் போகும் கடிகார மரபணு. பின்னையது அந்தி நேரத்தில் உச்சம் போவது. உப்பு கடத்தும் புரதங்களை எதிர்பார்த்தவனுக்குச் செடியின் உட்கடிகாரம் கையசைத்தது.

வயல் குறிப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். சேறு காய்ந்து இரண்டு தாள் ஒட்டியிருந்தது. நகத்தால் பிரித்தால் உள்ளே பென்சிலில்: «7:10, உவர் வயல், 12». கீழே: «11:40, மண்டூர்ப் பக்கம், 12». இடையில் நாலரை மணி நேரம், பாதைக்குக் காத்திருந்ததும் சேர்த்து. அன்று வயல்களை மேற்பார்க்கும் வட்டைவிதானை கேட்டதும் நினைவுக்கு வந்தது: «வெயில் உச்சிக்கு வந்த பொறகு இலையைப் புடுங்கி என்னத்தைக் காணப்போறீங்க மனே?» அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஜப்பானில் நகானோ குழுவினர் 2012இல் வயலில் நின்ற நெல்லின் இலைகளை அளந்து, மரபணு வெளிப்பாட்டின் ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை உட்கடிகாரம், சூழல் வெப்பநிலை, பயிரின் வயது, சூரிய ஒளி ஆகியவையே என்று காட்டியிருந்தார்கள். நான் அதை வாசித்திருந்தேன். வாசித்தும் போனேன்.

மாதிரி மாறிப்போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஒரு வழி உண்டு: ஆர்.என்.ஏ. வாசிப்புகளிலேயே இன வேறுபாட்டுப் புள்ளிகள் தெரியும். இரண்டு இனத்துக்கும் வேறுபடும் இடங்களை எடுத்துப் பார்த்தால், குழாயில் ஒட்டிய பெயர் பொய் சொன்னாலும் வரிசை பொய் சொல்லாது.

பி பெறுமானங்களின் வலையுரு வரையம் வளைந்து கிடக்கிறது

மரபணுவுக்கு ஒன்றாக 20,000 சோதனை, 20,000 பி பெறுமானம் (உண்மையில் வேறுபாடு இல்லாவிட்டாலும் இந்தளவு வேறுபாடு தற்செயலாகத் தெரிவதற்கான நிகழ்தகவு). ஒன்றுமே நடக்காத மரபணுக்களுக்கு அவை 0 முதல் 1 வரை மட்டமாகப் பரம்ப வேண்டும். உண்மையில் மாறியவை பூச்சியத்தை ஒட்டி ஒரு குவியலாக நிற்கும். மட்டமான திண்ணை, இடது ஓரத்தில் ஒரு தூண்: இதுதான் ஆரோக்கியமான உருவம்.

நடுவில் மேடு தட்டினாலோ 1ஐ நோக்கி ஏறினாலோ, நீங்கள் மாதிரியுருவில் (மொடலில்) சேர்க்காத ஒன்று மரபணுக்களை ஆட்டுகிறது. அந்த ஆட்டம் முழுவதும் எச்சத்தில் (மாதிரியுரு விளக்காமல் விட்ட மிச்சத்தில்) போய்ச் சேர்ந்து இரைச்சலாகக் கணக்காகிறது. உண்மையான வேறுபாடு அதற்குள் அமுங்குகிறது. மாறாக முழுக் குவியலும் பூச்சியத்தில் கிடந்து, பாதி மரபணு «மாறிவிட்டது» என்றால் மகிழ வேண்டாம். மறைந்திருக்கும் காரணி உங்கள் பரிகரிப்போடு சாய்ந்து நிற்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். சீப்புப் பல் போல இடையிடையே கூர் கூராக நின்றால் அது வேறு கதை: எண்ணிக்கை மிகக் குறைந்த மரபணுக்களை வடிக்கவில்லை. வடித்தால் போய்விடும்.

மறைகாரணியை எப்படி அனுமானிக்கிறார்கள்? தெருவில் ஒரு வீட்டு விளக்கு மங்கினால் பல்ப்பில் பிழை. தெரு முழுக்க ஒரே நேரத்தில் மங்கினால் ட்ரான்ஸ்போமரில் பிழை என்று யாரும் சொல்லாமலே தெரியும், ட்ரான்ஸ்போமரைக் கண்ணால் காணாமலே. கணக்கும் இதேதான். ஒரு மரபணுவின் வெளிப்பாடு, தெரிந்த காரணிகளின் பங்கு, தெரியாத காரணிகளின் பங்கு, அதன் சொந்த இரைச்சல் ஆகிய மூன்றின் கூட்டு. தெரியாத காரணி 24 மாதிரிக்கும் 24 எண்கள் கொண்ட ஒரு நிரல். அது எல்லா மரபணுவுக்கும் பொது. மரபணுவுக்கு மரபணு மாறுவது அதற்குக் கொடுக்கும் எடை மட்டுமே. ஒரே நிரலுக்கு 20,000 சாட்சிகள் இருப்பதால் அதைப் பார்க்காமலே மதிப்பிட முடிகிறது. லீக்கும் ஸ்டோரியும் 2007இல் தந்த பதிலி மாறிப் பகுப்பாய்வு (எஸ்.வி.ஏ.), ஸ்டெகிள் குழுவின் 2010ஆம் ஆண்டுப் பியர், 2012இல் கேக்னன்-பார்ட்சும் ஸ்பீடும் கொண்டுவந்த, மாறாது என்று முன்பே தெரிந்த மரபணுக்களை வைத்துக் கழிக்கும் ஆர்.யூ.வி., எல்லாம் இந்தக் கருத்தின் வெவ்வேறு உடுப்புகள்.

செய்ய வேண்டியது: உவர், இனம் இரண்டையும் காப்பாற்ற வேண்டிய காரணிகளாகச் சொல்லிவிட்டு எஸ்.வி.ஏ. ஓட்டுங்கள். வரும் நிரல்களை மாதிரியுருவில் மேலதிக மாறிகளாகச் சேர்த்துச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தரவிலிருந்து கழித்துவிட்டு, கழித்த தரவைப் புதுத் தரவு போலச் சோதிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் செலவழித்த சுயாதீனப் படிகளை (இரைச்சலை அளக்க மிஞ்சும் சுயாதீனத் தகவலின் எண்ணிக்கையை) மென்பொருள் அறியாது. இல்லாத நம்பிக்கையைத் தரும். நைகார்டும் கூட்டாளிகளும் 2016இல் காட்டியது இதைத்தான்: குழு வேறுபாட்டைக் காப்பாற்றிக்கொண்டு தொகுதி விளைவை (எந்த மாதிரிகளை ஒன்றாக ஓட்டினோம் என்பதால் வரும் வேறுபாட்டை) நீக்கிய தரவு, சமனற்ற வடிவமைப்பில் வேறுபாட்டை மிகைப்படுத்தும். அழகான படம் வரும், அவ்வளவுதான்.

எத்தனை காரணி? இங்கேதான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். மென்பொருள் தரும் இரண்டு மதிப்பீட்டு முறைகளும் ஒரே தரவுக்கு இரண்டு எண்ணிக்கை சொல்வது வழமை. மனித இழையங்களின் வெளிப்பாட்டைத் தொகுத்த ஜி.ரெக்ஸ் திட்டம் 150 மாதிரிக்குக் குறைந்தால் 15 பியர் காரணி என்று வைத்தது என்பதற்காக, 24 மாதிரிக்கும் 15 போட்டுக்கொண்டு வந்த ஒரு தம்பியைக் கண்டிருக்கிறேன். நாலு குழுவுக்கு நாலு போனால் மிச்சம் 20 சுயாதீனப் படி. அதில் 15ஐக் கொடுத்துவிட்டால் எதை வைத்து இரைச்சலை அளப்பது? என் அளவில் 24 மாதிரிக்கு மூன்றைத் தாண்ட மாட்டேன். ஒவ்வொரு மரபணுவின் பெறுமானங்களையும் தனித்தனியாகக் கலைத்துவிட்டு பி.சி.ஏ. போட்டு, கலைத்த தரவின் கூற்றைவிட உண்மைக் கூறு எத்தனை இடத்தில் மேலே நிற்கிறது என்று எண்ணுங்கள். ஹோர்ன் 1965இல் சொன்ன பழைய வழி, இன்னும் நன்றாக வேலை செய்கிறது. பெரிய பெயர் கொண்ட முறைதான் வேண்டும் என்றும் இல்லை. மரபணு மாறுபாட்டையும் வெளிப்பாட்டையும் இணைக்கும் ஆய்வுகளில் சாதாரண பி.சி.ஏ.யே எஸ்.வி.ஏ., பியர் இரண்டையும்விட நன்றாக நின்றது என்று 2022இல் ஜோ குழுவினர் ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

திருத்தினேன், தேடியதும் சேர்ந்து போய்விட்டது

ஒரு தங்கச்சி இரவு பத்து மணிக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தார்: «அண்ணா, மூணு காரணி எடுத்துட்டன். இப்ப உப்புல மாறின ஜீன் ஒண்டுமே இல்ல.»

காரணியை நீக்கும் முன் அதற்குப் பெயர் வைத்தீர்களா? இதுதான் நான் முதலில் கேட்பது. அவர் வைக்கவில்லை. முதலாவது காரணியை வயலுக்கு எதிராக வரையச் சொன்னேன். இரண்டு வயலும் மேலும் கீழுமாகப் பிளந்து நின்றன. அதாவது உவரையே «தேவையற்ற காரணி» என்று பெயரிட்டுக் கழுவி ஊற்றியிருக்கிறார். காப்பாற்ற வேண்டிய மாறியைச் சொல்லாமல் ஓட்டியது ஒரு காரணம். சொல்லி ஓட்டியும் அப்படி வந்தால் காரணம் வடிவமைப்பில்.

தாளில் ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். குறுக்கே உவர், நல்ல தண்ணீர். நெடுக்கே காலை, உச்சி. என்னுடையது: காலை–உவர் 12, காலை–நல்ல தண்ணீர் 0, உச்சி–உவர் 0, உச்சி–நல்ல தண்ணீர் 12. இரண்டு பூச்சியம் மூலைவிட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் உவரும் நேரமும் ஒரே நிரல். எந்தக் கணக்கும் ஒரு நிரலை இரண்டாகப் பிரிக்காது. மென்பொருள் பிழைச்செய்தி தரும், அல்லது தராமல் ஏதோ ஒரு எண்ணைத் தரும். பின்னதுதான் ஆபத்து.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, மனிதனதும் எலியினதும் இழையங்கள் இழையப்படி அல்லாமல் இனப்படி கூடுகின்றன என்றது. 2015இல் கிலாடும் மிஸ்ராஹி-மானும் அந்த வாசிப்புக் கோப்புகளின் தலைவரிகளைப் பிரித்து, எந்த மாதிரி எந்த இயந்திரத்தில் எந்தத் தடத்தில் ஓடியது என்று மீட்டெடுத்தார்கள். மனித மாதிரிகளும் எலி மாதிரிகளும் பெரும்பாலும் வெவ்வேறு தொகுதிகளில் ஓடியிருந்தன. அதைக் கணக்கில் எடுத்ததும் மாதிரிகள் இழையப்படி கூடின. இதில் நமக்கு ஒரு கைமருந்து உண்டு: அனுப்பியவர்கள் தொகுதி விபரம் தராவிட்டாலும் கோப்பின் முதல் வரியைத் திறந்து பாருங்கள். இயந்திரத்தின் இலக்கமும் தடத்தின் இலக்கமும் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

முழுதாக ஒட்டியிருந்தால் மருந்து இல்லை. நான் அந்தப் போகத்தின் தரவை மூடிவைத்தேன். அடுத்த சிறுபோகத்தில் இரண்டு நாள் போனோம். முதல் நாள் உவர் வயல் முதலில், பிறகு பாதை ஏறி அக்கரை. இரண்டாம் நாள் விடியவே அக்கரை போய், அங்கே முடித்துவிட்டு இக்கரை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வயலிலும் இனத்துக்கு மூன்று. அட்டவணையின் நாலு கட்டத்திலும் ஆறு ஆறு. நேரத்தையும் நாளையும் மாதிரியுருவில் தனித்தனி நிரலாக வைத்தோம். மறைகாரணி என்று ஒன்றுமே மிச்சம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். வந்தது, ஒன்று; ஆர்.என்.ஏ. பிரித்தெடுத்த திகதி.

வலையில் எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்திருக்கிறது

மரபணுக்களுக்குச் சோடி சோடியாக இணைபுக் குணகம் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) எடுத்து, ஓர் எல்லை வைத்து, அதைத் தாண்டிய சோடிக்கிடையே கோடு போட்டால் தேங்காய்த் தும்பு போல ஒரு பந்து. எந்த மரபணுவைத் தொட்டாலும் மற்றது ஆடுகிறது.

எண்ணிப் பாருங்கள். 20,000 மரபணுவுக்குச் சோடிகள் 19,99,90,000. ஏறத்தாழ இருபது கோடி. 24 மாதிரிக்கு இணைபு 0.404ஐத் தாண்டினால் 5 வீத மட்டத்தில் «பொருளுள்ளது». எந்த உறவும் இல்லாவிட்டாலுங்கூட ஒரு கோடிச் சோடி அதைத் தாண்டும். ஆகவே பி 0.05 என்ற எல்லையை இங்கே மறந்துவிடுங்கள்.

இரண்டாவது, பொதுக் காரணி. இரண்டு மரபணுவும் ஒரே மறைகாரணியோடு 0.8 இணைபு கொண்டவை என்று வையுங்கள். அவற்றுக்கிடையே நேரடித் தொடர்பு எதுவும் இல்லாவிட்டாலும் 0.8 × 0.8 = 0.64 இணைபு தெரியும். கடிகாரம் ஆட்டும் ஆயிரம் மரபணு ஆயிரத்தோடும் இப்படிக் கைகோத்து நிற்கும். அது மரபணுக்களுக்கிடையிலான உறவு அல்ல. சூரியனோடு அவை தனித்தனியே வைத்த உறவு.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, தெரிந்த காரணிகளையும் முதன்மைக் கூறுகள் சிலவற்றையும் கழித்துவிட்டு எச்சத்தில் வலை கட்டுவது. பார்சனா குழுவினர் 2019இல் இது பொய்க் கோடுகளைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். இதன் விலையும் தெரிந்திருக்க வேண்டும்: ஆயிரம் மரபணுவை உண்மையிலேயே ஆளும் ஒரு சீராக்கிப் புரதம் இருந்தால், அதுவும் பொதுக் காரணி போலவே தோன்றும், அதையும் கழித்துவிடுவீர்கள். இரண்டாவது, இணைபுக்குப் பதிலாகப் பகுதி இணைபு, அதாவது மற்ற எல்லா மரபணுவையும் நிலையாக வைத்தபின் எஞ்சும் உறவு. அதற்கு இணைமாறல் தாயத்தின் (எந்த இரண்டு மரபணு எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அட்டவணையின்) நேர்மாறு வேண்டும். 24 மாதிரியில் அந்தத் தாயத்தின் தரம் (ஒன்றையொன்று சாராத நிரல்களின் எண்ணிக்கை) 23ஐத் தாண்டாது. 20,000க்கு 20,000 தாயத்துக்கு நேர்மாறே கிடையாது. ஆகவே தண்டம் விதித்து, பெரும்பாலான கோடுகளைப் பூச்சியமாக்கி மதிப்பிட வேண்டும். பிரீட்மன், ஹேஸ்டி, டிப்ஷிரானி மூவரும் 2008இல் தந்த வரைபு லாசோ அதைச் செய்கிறது. மறைகாரணியையும் சேர்த்தே பிரிக்க வேண்டுமானால், நேர்மாறுத் தாயத்தை ஐதான (பெரும்பாலும் பூச்சியமான) ஒரு பாகமாகவும் தரம் குறைந்த ஒரு பாகமாகவும் உடைக்கும் வழியைச் சந்திரசேகரன், பரில்லோ, வில்ஸ்கி 2012இல் எழுதினார்கள். ஐதான பாகம் நேரடி உறவு. தரம் குறைந்த பாகம் ட்ரான்ஸ்போமர்.

ஆனால் ஒரு சுண்டு அரிசியில் ஊருக்குச் சோறாக்க முடியாது. 24 மாதிரிக்கு 20,000 மரபணு வலை கேட்காதீர்கள். அயன் கடத்திகளும் அவற்றை ஆளக்கூடிய சீராக்கிகளுமாக இருநூறு எடுங்கள். ஓ.எஸ்.எச்.கே.ரி.1;5 கட்டாயம் அதில் இருக்கட்டும். முதலாம் நிறமூர்த்தத்தில் இருக்கும் அந்தக் கடத்தி இலைக்குப் போகும் சோடியத்தைக் குறைக்கிறது என்பது 2005இலேயே நிறுவப்பட்டது. வலை அதை எங்கே வைக்கிறது என்பது வலைக்கான சோதனை. பிறகு 24இல் 19 மாதிரியை எழுமாறாக எடுத்து இருபது தடவை வலை கட்டுங்கள். பதினெட்டுத் தடவைக்கு மேல் வந்த கோட்டை நான் நம்புவேன். ஒருமுறை மட்டும் தலைகாட்டியதைப் பற்றி ஒரு பந்தி எழுதமாட்டேன்.

ஒவ்வொரு தடவையும் காரணிகள் வேறாக வருகின்றன

நேற்று முதலாம் காரணி உவரோடு நேராக ஏறியது. இன்று அதே தரவு, அதே ஆணை. முதலாம் காரணி இறங்குகிறது, அல்லது இரண்டாமிடத்துக்குப் போய்விட்டது. மென்பொருளில் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம்.

வட்டக்களரியில் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சுற்றிவர ஆட்கள். எனக்கு வலப்பக்கம் நிற்கும் ராசா எதிரே இருப்பவருக்கு இடப்பக்கம். ஆட்டம் ஒன்றுதான். காரணிப் பகுப்பாய்வில் காரணிகளைச் சுழற்றி, எடைகளை எதிர்த்திசையில் சுழற்றினால் பெருக்கம் மாறாது. தரவுக்கு இரண்டும் ஒன்றே. குறி மாறுவது இதன் மிக எளிய வடிவம். ஆகவே «மூன்றாம் காரணி» என்று பெயர்சொல்லி எழுதுவதற்கு முன், இரண்டு ஓட்டங்களின் காரணிகளை இணைபு பார்த்துச் சோடி சேர்த்துக்கொள்ளுங்கள். சோடி சேராவிட்டாலும் அவை விரிக்கும் வெளி ஒன்றாக இருக்கலாம். ஓர் ஓட்டத்தின் காரணியை மற்ற ஓட்டத்தின் எல்லாக் காரணிகளாலும் சேர்த்து எதிர்வுகூற முடிகிறதா என்று பாருங்கள்.

மறையற்ற (எதிர்க்குறி எண் வராத) தாயக் காரணியாக்கம் போன்றவை எழுமாற்றுத் தொடக்கத்திலிருந்து ஓடுபவை. அவற்றில் காரணிகள் விரிக்கும் வெளியும் மாறிவிடலாம். எழுமாற்று விதையை (எழுமாற்று எண்கள் தொடங்கும் எண்ணை) 123 என்று நிலைப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இணையத்தில் திரியும் ஆலோசனை. சரியாகாது, மறையும். இருபது விதையில் ஓட்டி, எது நிலைக்கிறது என்று பாருங்கள். காரணி எண்ணிக்கையைக் குறைத்தால் பெரும்பாலும் நிலைக்கும்.

டபிள்யூ.ஜி.சி.என்.ஏ.யில் பொருத்தம் 0.8ஐ எட்டவில்லை

இது சேர்ந்து ஆடும் மரபணுக்களைக் கூட்டங்களாகப் பிரிக்கும் பொதி; இணைபை எந்த அடுக்குக்கு உயர்த்துவது என்று நாம் சொல்ல வேண்டும். அடுக்கை 20 வரை ஏற்றியும் அளவிலி வலைக்கான (ஒருசில மரபணுவுக்கு மிகப் பல கோடு, மிச்சத்துக்குச் சில கோடு என்ற வடிவத்துக்கான) பொருத்தம் 0.8க்கு வரவில்லை. அல்லது ஒரே ஒரு மாபெரும் கூட்டம் மட்டும் வருகிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் வேர் ஒன்று: மேலே சொன்ன ட்ரான்ஸ்போமர் இன்னும் உள்ளே இருக்கிறது. முதலில் அதைக் கவனியுங்கள். அந்த வலிய காரணி நீக்கக்கூடாத உயிரியல்தான் என்றால், பொதியை எழுதியவர்களே மாதிரி எண்ணிக்கைக்கு ஏற்ற அடுக்கைப் பரிந்துரைத்திருக்கிறார்கள்: 20 முதல் 30 மாதிரிக்கு, குறியற்ற (நேர், மறை இணைபு இரண்டையும் ஒன்றாக எடுக்கும்) வலைக்கு 8, குறியுள்ள வலைக்கு 16. 15 மாதிரிக்குக் குறைவாக இதை ஓட்டவே வேண்டாம் என்பதும் அவர்கள் சொன்னதே.

குழுக்களுக்கிடையே மாறியதாகச் சோதனை காட்டிய மரபணுக்களை மட்டும் முன்கூட்டியே தெரிந்தெடுத்து இதற்குள் போடாதீர்கள். உவரில் மாறியவற்றை மட்டும் போட்டால் உவரைப் பின்பற்றும் ஒரு கூட்டமும் அதன் எதிர்க்கூட்டமும் வரும். போட்டதுதான் வரும்.

லப்டொப் உறைந்துவிட்டது

20,000 × 20,000 தாயத்தில் ஓரெண்ணுக்கு 8 பைட். ஒரு பிரதிக்கே 3.2 கிகாபைட், இடைக்கணக்கில் இரண்டு மூன்று பிரதி. 8 கிகாபைட் நினைவகம் அங்கேயே முடிந்தது. 5,000 மரபணுவுக்கு 200 மெகாபைட் போதும். மாறற்றிறன் அதிகமான 5,000ஐ எடுங்கள். கரண்ட் போகிற காலமென்றால் ஒவ்வொரு கட்டத்தையும் கோப்பில் சேமித்துக்கொண்டே போங்கள்.

மரபணுப் பெயர்கள் பொருந்தவில்லை

நெல்லுக்கு இரண்டு இலக்க முறை புழக்கத்தில் இருக்கிறது, ஜப்பானிய ராப் ஒன்று, அமெரிக்க எம்.எஸ்.யூ. ஒன்று. ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. மாற்று அட்டவணையில் ஒன்றுக்கு இரண்டு வந்தால் முதலாவதை எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் பிறகு மரபணு காணாமல்போயிற்று என்பவர்கள். மனிதத் தரவென்றால் எக்செல் திறக்கவே வேண்டாம். செப்ட்2, மார்ச்1 போன்ற பழைய பெயர்கள் எல்லாம் திகதியாகிவிடும். அந்தத் தொல்லை தாங்காமல் 2020இல் பெயர்களையே மாற்றினார்கள்.

எல்லாம் எதிர்பார்த்தபடியே வந்துவிட்டது

இதையும் அறிகுறியாகவே எழுதுகிறேன். இரண்டாம் போகத்துத் தரவில் உவர் வயல் ஒரு பக்கம், நல்ல தண்ணீர் மறுபக்கம், இடையில் வெற்றிடம். அவ்வளவு சுத்தமான படத்தை அதுவரை கண்டதில்லை. கல்முனையில் கொடுத்து மூன்றடிச் சுவரொட்டியாக அடித்தும் எடுத்துவிட்டேன்.

அன்றிரவு, வேறு வேலை இல்லாததால் என்றே சொல்ல வேண்டும், 24 மாதிரியின் உவர்ப் பெயர்களை எழுமாறாகக் கலைத்துவிட்டு முழு வேலையையும் முதல் வரியிலிருந்து ஓட்டினேன். பெயர் பொய் என்பதால் ஒன்றும் பிரியக்கூடாது. பிரிந்தது. அதே வெற்றிடம், அதே அழகு. பத்துத் தடவை கலைத்தேன், பத்திலும் பிரிந்தது.

ஆணைகளை மேலிருந்து வாசித்துக்கொண்டு வந்தால் பன்னிரண்டாம் வரியில் இருந்தது: குழு வேறுபாட்டில் பி பெறுமானம் மிகச் சிறிய 500 மரபணுவைத் தெரிந்தெடு. பதின்மூன்றாம் வரி: அவற்றில் பி.சி.ஏ. போடு. 20,000இல் எந்தப் பொய்ப் பெயருக்கும் பொருந்தி நிற்கும் 500 தற்செயலாகவே கிடைக்கும். அவற்றை மட்டும் வைத்து வரைந்தால் பிரியாமல் என்ன செய்யும்? அந்த வரியை எடுத்துவிட்டு, பெயர் பாராமல் மாறற்றிறன் கொண்டு 500 தெரிந்தேன். உண்மைப் பெயரில் உவர் இரண்டாம் கூற்றில் வந்தது, புள்ளிகள் கொஞ்சம் கலந்து. முதற்கூறு நேரம். கலைத்த பெயரில் ஒன்றும் பிரியவில்லை.

சுவரொட்டியைத் திரும்ப அடிக்கக் காசு கொடுத்தேன். பழையதன் பின்பக்கம் வெள்ளைதானே, அடுத்த போகத்து மாதிரி அட்டவணையை அதில்தான் வரைந்து வைத்திருக்கிறோம்: நாள், வயல், இனம், பறித்தவர், பறித்த நேரம், பாதை புறப்பட்ட நேரம்.